சுருட்டையின் வகுப்பில் தண்ணீர்

வெள்ளிக்கிழமை வந்தால் எட்டாம் வகுப்புக்குத் தலைகால் புரியாது. கடல் தாண்டி இருக்கும் ஒரு பள்ளியோடு திரை வழியாகச் சேர்ந்து படிக்கும் நாள் அது. பாடத்தைவிட அரட்டைதான் அதிகம் என்று புவியியல் டீச்சருக்குத் தெரியும், கண்டுகொள்ளமாட்டார். வகுப்பில் வாயாடி என்று பெயரெடுத்த பெண்ணுக்கு அங்கே ஓர் உயிர்த்தோழி. தலை நிறையச் சுருட்டை முடி, அதனால் இங்கே எல்லோருக்கும் அவள் சுருட்டை. அவள் மொழியிலிருந்து இவளும் இவள் மொழியிலிருந்து அவளும் கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தைகளைக் கறந்திருந்தார்கள்.

அன்று திரை தெளிந்தபோது அங்கே பிள்ளைகள் பெஞ்சு மேல் நின்றார்கள். கீழே பழுப்புத் தண்ணீர். புத்தகப் பைகள் மிதந்தன.

"மிஸ், அவங்க சார் எங்க?" என்றாள் வாயாடி.

சின்ன வகுப்புப் பிள்ளைகளை அழைத்து வரப் போனவர் திரும்பவில்லை. சுருட்டை அழுதுகொண்டே சொன்னதில் அவ்வளவுதான் புரிந்தது. கதவு வெளிப்பக்கம் திறப்பது; வெளியே ஏறிய தண்ணீர் அதை அழுத்திப் பிடித்திருந்தது. இரண்டு பையன்கள் தோள் கொடுத்து முட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை.

டீச்சர் அந்தப் பள்ளிக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. மறுபடி போட்டார், இணைப்பே கிடைக்கவில்லை. ஜன்னலை உடைக்கச் சொல்லி ஆங்கிலத்தில் கத்தினார். பயத்தில் இருந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. தண்ணீர் பெஞ்சைத் தொட்டது.

வாயாடி மைக்கைப் பிடுங்கினாள். ஜன்னல், வெளியே. இந்த இரண்டையும் அவர்கள் மொழியில் திரும்பத் திரும்பச் சொன்னாள். சுருட்டை ஜன்னலைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். திறக்க வழியில்லாத கண்ணாடி.

"உடைன்னு சொல்லுடி."

"அதுக்கு வார்த்தை தெரியல மிஸ்."

சொல்லி முடிப்பதற்குள் இரும்பு நாற்காலி ஒன்றைத் தூக்கினாள். "சுருட்டை, இங்க பாரு," என்று தன் வகுப்பு ஜன்னலில் ஓங்கி அடித்தாள். கண்ணாடி சிதறியது. டீச்சர் தடுக்கவில்லை.

சுருட்டை குனிந்து தண்ணீருக்குள்ளிருந்து ஒரு நாற்காலியை இழுத்தாள். முதல் அடி சறுக்கியது. அடுத்ததற்குக் கண்ணாடி விரிசல் விட்டது. அதோடு திரை இருண்டுவிட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த தலைமையாசிரியர் உடைந்த ஜன்னலைப் பார்த்தார். "யாரு வேலை இது?"

"பிள்ளைங்க மூழ்குறாங்க சார்," என்றார் டீச்சர். இருவரும் தூதரகம், செய்தி அலுவலகம் என்று யார் யாரையோ கூப்பிட்டார்கள். எங்கேயும் தகவல் இல்லை.

பள்ளி விட்டும் வாயாடி திரைக்கு முன்னாலிருந்து எழவில்லை. அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "வீட்டுக்கு வா கண்ணு."

"சுருட்டை கூப்பிட்டா நான் இங்க இருக்கணும்மா. நான் போயிட்டேன்னு நெனைப்பா."

மறுநாள் மதியம், சின்னப் பிள்ளைகளை அழைக்கப் போன அந்த ஆசிரியரே அங்கிருந்து டீச்சரிடம் போனில் பேசினார். பிள்ளைகள் ஜன்னல் வழியாக வெளியேறி, படகு வரும்வரை மதில் மேல் உட்கார்ந்திருந்தார்களாம். எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக வந்த சுருட்டைக்குக் கையில் ஆழமான வெட்டு, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அவர் தோளில் தூக்கி வந்த சின்னப் பெண்ணை வெள்ளம் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

டீச்சர் வாயாடியின் வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அம்மாவின் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"மிஸ், கை வலிக்குதான்னு அவங்க மொழியில எப்படிக் கேக்குறது?"