திறந்த கதவும் ஓடாத வைப்பரும்

"போடு!"ன்னு பின்னாடி இருந்து ஒரு சத்தம். போட்டேன்.

"போட்டியா?"

"போட்டாச்சுங்க."

"நல்லாப் போடு!"

வைப்பர் பட்டனை நல்லாப் போடுறது, நோகாமப் போடுறதுன்னு ரெண்டு விதம் இருக்கா என்ன? திருகினா திருகினதுதான். காலையில பல்லு விளக்கினதுல இருந்து நான் டிரைவர் சீட்டுல உட்கார்ந்திருக்கேன். எங்க வீட்டுக்காரர் வண்டிக்குப் பின்னாடி, டிக்கி கதவை மேல தூக்கி வெச்சுக்கிட்டு, அதுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நிக்கிறார். அவர் பார்க்கிற வேலை அட்டைப்பெட்டி கம்பெனியில கணக்கு எழுதுறது. ஆனா கையில ஒரு ஸ்குரூடிரைவர் வந்துட்டாப் போதும், வண்டியைக் கண்டுபிடிச்சதே இவர்தான்.

மத்தியானம் எனக்கு டிரைவிங் டெஸ்ட். மூணாவது தடவை. முதல் தடவை ரிவர்ஸ் எடுக்கிறப்போ நட்டு வெச்சிருந்த கம்பத்தை எல்லாம் ஒண்ணு விடாம சாய்ச்சேன். அந்தப் பெருமை முழுக்க என்னுது, அதுல யாருக்கும் பங்கு கிடையாது. ரெண்டாவது தடவை என்னை ஓட்டவே விடல. டெஸ்ட் எடுக்கிற அதிகாரி முதல்ல வண்டியைச் சுத்தி வந்து லைட்டு, ஹாரன், வைப்பர் எல்லாம் பார்ப்பார். பின்கண்ணாடி வைப்பர் அசைவேனான்னு நின்னுது. "சரி பண்ணிட்டு வாங்கம்மா"ன்னு அனுப்பிட்டார். அன்னைக்கே மெக்கானிக்கிட்ட விட்டிருக்கலாம். "என் வண்டியில கண்டவன் கை வைக்கிறதா? நான் பார்த்துக்கறேன்"ன்னார் நம்மாளு. பார்த்துக்கிட்டேதான் இருந்தார். டெஸ்ட் அன்னைக்குக் காலையிலதான் கை வெச்சார்.

இதுல விளையாட்டா விட முடியாத விஷயம் ஒண்ணு இருக்கு. போன வருஷம் சிக்னல்ல வண்டியை நிறுத்தின எங்க வீட்டுக்காரர், பச்சை விழுந்தும் எடுக்கல. திரும்பிப் பார்த்தா ஸ்டீயரிங் மேல சாய்ஞ்சு கிடக்கிறார். எனக்கு உயிரே போயிடுச்சு. இப்படி மயக்கம் திரும்பவும் வரலாம், இனிமே வண்டி ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். அதுல இருந்து என் கொழுந்தன், "சும்மாதானே நிக்குது அண்ணி, நான் எடுத்துக்கறேனே"ன்னு போன்ல நச்சரிச்சுக்கிட்டே இருக்கார். நான்தான் வீம்பா, "நான் கத்துக்கறேன், வண்டி எங்கேயும் போகாது"ன்னுட்டேன். மாடி வீட்டு டீச்சரம்மா பக்கத்துல உட்கார்ந்து பழக்கிவிட்டாங்க. இன்னைக்கும் டெஸ்ட் ஊத்திக்கிச்சுன்னா, ஞாயித்துக்கிழமை கொழுந்தன் வர்றப்போ சாவி அவர் கைக்குப் போயிடும்.

வேலையை அவர் நல்லாத்தான் ஆரம்பிச்சார், அதையும் சொல்லணும். ஃபியூஸைப் பார்த்தார், கருகிப் போயிருந்தது. வைப்பர் கை ரொம்ப நாளா அசையாம அழுக்கேறி இறுகிக் கிடந்திருக்கு, மோட்டார் இழுத்து இழுத்துப் பார்த்து ஃபியூஸ் போயிடுச்சுன்னு விளக்கம் வேற. எண்ணெய் விட்டு, கையால இப்படியும் அப்படியும் ஆட்டி லேசாக்கி, புது ஃபியூஸ் மாட்டினார். கெட்டிக்காரர்தான். அதுக்கப்புறம்தான் சனி பிடிச்சது. மோட்டார் சுத்துறதைக் கண்ணால பார்க்கணுமாம். டிக்கி கதவைத் தூக்கினார், உள்பக்கத்து அட்டையைக் கழட்டினார், "போடு!"ன்னார்.

ஓடல.

மோட்டாருக்கு வர்ற ஒயர்ல சின்ன பல்பை வெச்சுப் பார்த்தார். எரியல. "கரண்டே வரலைடி!"ன்னு குதிக்காத குறை. கதவு கீல்கிட்ட ஒரு ரப்பர் குழாய்க்குள்ள ஒயரெல்லாம் போகுது. கதவை மூடித் திறந்து மூடித் திறந்து அதுக்குள்ள ஏதோ அறுந்திருக்கும்னு குழாயை உருவினார். ஒரு ஒயரும் அறுபடல. போடு. ஓடல. எர்த் ஒயர் மாட்டின இடம் துருப்பிடிச்சிருக்கும்னு ஒரு போல்ட்டைக் கழட்டிச் சுரண்டோ சுரண்டுன்னு சுரண்டினார். போடு. ஓடல. கழட்டின ஸ்குரூவெல்லாம் என் நல்ல எவர்சில்வர் கிண்ணத்துல கிடக்குது. இனிமே அதுல யாரு சாப்பிடுறது?

"ஏங்க, போற வழியில மெக்கானிக்கிட்ட ஒரு நிமிஷம் காட்டிடலாமே?"

"அவன் என்ன, என்னைவிடப் பெரிய கொம்பனா?"

எனக்குப் பொறுமை போயிடுச்சு. பட்டனைத் திருகினது திருகினபடியே விட்டுட்டு, இறங்கிப் பின்னாடி போனேன்.

"நான் ஒண்ணு கேட்கட்டுமா? நான் பாஸ் பண்ணக் கூடாதுன்னுதானே இப்படி உருட்டிக்கிட்டு இருக்கீங்க?"

சும்மா வாய்ச்சண்டைக்குத்தான் கேட்டேன். 'உனக்கென்ன கிறுக்கா'ன்னு கத்துவார், நானும் பதிலுக்குக் கத்தலாம்னு நினைச்சேன். அவர் கத்தல. கையில இருந்த ஒயரையே பார்த்துக்கிட்டு நின்னார்.

"வேணும்னு பண்ணல. சத்தியமா ஓடமாட்டேங்குது"ன்னார். அப்புறம் மெதுவா, "ஆனா ஓடாட்டியும் பரவாயில்லன்னு மனசுல ஒரு மூலையில இருக்கு. நீ லைசென்ஸ் வாங்கிட்டா, நான் இனிமே ஓட்டவே மாட்டேன்னு முடிஞ்சு போயிடும்ல? இப்போதைக்கு டாக்டர்தானே வேணாம்னு சொல்லியிருக்கார்."

இந்த மனுஷனை என்ன பண்றது? பாவமா இருந்தது, அதைவிட அதிகமா கோபம் வந்தது. "அப்போ வண்டி உங்க தம்பிக்குப் போனா பரவாயில்ல, நான் ஓட்டினாத்தான் உங்களுக்கு ஆகாது! நல்லா இருக்குங்க உங்க நியாயம்!" என்னமோ சொல்ல வாயைத் திறந்தார். "தள்ளுங்க!"ன்னு அவரை இழுத்து நகர்த்திட்டு, டிக்கி கதவைப் பிடிச்சு ஓங்கி அறைஞ்சு சாத்தினேன். தெருவே அதிர்ந்தது.

சர்ர்ர்.

வைப்பர் ஓடுது! இந்தப் பக்கம் போகுது, அந்தப் பக்கம் வருது. அது போற பக்கமெல்லாம் அவர் தலையும் கூடவே போகுது.

"என்னடி பண்ணின?"

"அறைஞ்சேன். உங்களுக்கு விழ வேண்டியது."

அவர் கதவைத் தூக்கினார். வைப்பர் நின்னுது. சாத்தினார். ஓடிச்சு. திரும்பத் தூக்கினார், சாத்தினார், அப்புறம் என்னைப் பார்த்துப் பேந்தப் பேந்த முழிச்சார். டிக்கி திறந்திருந்தா வைப்பருக்குக் கரண்டே போகாத மாதிரிதான் அந்த வண்டியைச் செஞ்சிருக்காங்க! காலையில ஃபியூஸ் மாட்டினப்பவே எல்லாம் சரியாயிருக்கு. கதவைச் சாத்திட்டுப் பார்த்திருந்தா, நான் ஆற அமரக் குளிச்சுட்டு வந்திருப்பேன்.

"கதவைத் திறந்து போட்டுட்டு யாருங்க கண்ணாடி துடைப்பாங்க?" அதுக்கு மேல சிரிப்பை அடக்க முடியல. அவரும் அசடு வழியச் சிரிச்சார். "டீச்சரம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே"ன்னார்.

வழியெல்லாம் சொல்லிக்கிட்டேதான் போனேன். டீச்சரம்மா என் பக்கத்துல உட்கார்ந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. பின்சீட்டுல இருந்தவர், "ரோட்டைப் பார்த்து ஓட்டு"ன்னு மட்டும் சொன்னார்.

டெஸ்ட் அதிகாரி வைப்பரைப் போடச் சொன்னார். டிக்கி மூடியிருக்கான்னு திரும்பிப் பார்த்துட்டுத்தான் போட்டேன். ஓடிச்சு. அவர் தலையைக்கூட ஆட்டல, "ஏறுங்க"ன்னார். இந்தத் தடவை ஒரு கம்பமும் சாயல. இறங்கும்போது, "பாஸ்மா"ன்னார். டீச்சரம்மா ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சுட்டு, அடுத்த தெருவுல இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்க.

நாங்க ரெண்டு பேரும் வண்டிகிட்ட வந்தோம். அவர் என்ன நினைப்புல இருந்தாரோ, நேரா டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துட்டார். நான் சாவியைக் கையில வெச்சுக்கிட்டு வெளியில நிக்கிறேன். அவர் முட்டி ரெண்டும் ஸ்டீயரிங்ல இடிச்சுது. என் உயரத்துக்கு சீட்டை முன்னாடி இழுத்திருந்தேன். பின்னாடி தள்ளிக்கலாம்னு அவர் கை சீட்டுக்கு அடியில இருக்கிற பிடிக்குப் போச்சு. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் கையை எடுத்துட்டு இறங்கினார்.

"சீட்டு உனக்குச் சரியா இருக்கு. இனிமே அப்படியே இருக்கட்டும்."

சுத்தி வந்து பக்கத்து சீட்டுல உட்கார்ந்தார். பெல்ட்டைப் பழக்கதோஷத்துல தப்பான தோள் பக்கம் தேடினார். நான் எட்டி இழுத்து மாட்டிவிட்டுட்டு வண்டியை எடுத்தேன்.