முப்பதாம் தேதிக் கூட்டம்

காப்பிப் பழம் சிவந்துவிட்டால் பேத்துப்பாறையில் ஒரு பெண்ணும் பகலில் வீட்டில் இருக்க மாட்டாள். ஆனால் எங்கள் மகளிர் குழு செவ்வாய்தோறும் நாலு மணிக்குக் கூடியே ஆக வேண்டும். கூட்டம் தவறினால் பேங்கில் கடன் கிடைக்காது. அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். டிசம்பர் இரண்டாம் தேதியே உட்கார்ந்து, ஒன்பது, பதினாறு, இருபத்துமூன்று, முப்பது என்று நாலு செவ்வாய்க்கும் தீர்மானப் புத்தகத்தில் பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். எழுதியது குழுவின் ஊக்குநரான நான். மூன்று வருடமாக இப்படித்தான். இதனால் யார் குடி கெட்டுப்போகப் போகிறது என்று நினைத்திருந்தேன்.

கெட்டது அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியான ஜோதிமணி அக்காவின் குடி. ஒன்பதாம் தேதி மத்தியானம் மூன்றரை மணிக்கு எஸ்டேட் சரிவில் காப்பி மூட்டையோடு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம், சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. எஸ்டேட் நஷ்டஈடு கொடுத்தால்தான் இனி அந்த வீட்டில் அடுப்பெரியும். கணக்கப்பிள்ளை ராஜமுருகனோ, அந்தம்மா அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று ஒரே பிடியாக நின்றான். கூட வேலை பார்த்தவர்கள் நாளைக்கும் அவனிடம்தானே கூலிக்குப் போக வேண்டும், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவனுக்குச் சாட்சி எங்கள் புத்தகம். ஒன்பதாம் தேதி நாலு மணிக்குக் கூட்டம், ஜோதிமணி ஆஜர், கையெழுத்தும் உண்டு. அந்தப் பக்கத்தை அன்று சாயங்காலம், அவள் விழுந்த சேதி தெரியாமல், பெருமைக்காக ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் நான்தான். என் கையில் நானே சூடு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

தேனி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்த மறுநாள் போய்ப் பார்த்தேன். "கண்மணி புள்ள, நான் வேலைக்குத்தானே போனேன்? எல்லாரும் சொல்லுறதக் கேட்டா எனக்கே சந்தேகமா இருக்கு" என்றாள். அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தொன்பதாம் தேதி விசாரணை. தொழிலாளர் அதிகாரி பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்திருந்தார். வாசலில் எங்கள் குழுப் பெண்கள். வேலுத்தாய் அக்கா என்னைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"ஏ கண்மணி, திங்கக்கெழம பேங்குக்காரங்க வாராங்க. ஆறு லட்சம் மாட்டுக் கடன். கூட்டமே நடக்கலன்னு தெரிஞ்சா நம்ம கதி என்ன?"

"ஜோதிமணி அக்கா கதி என்னக்கா?"

"பாவந்தேன். நான் இல்லங்கல. ஆனா வராத தேதிக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கெடக்கு பாரு, அதயாவது வெரசா கிழிச்சிரு. அத மட்டும் பாத்தாங்க, பன்னெண்டு பேரும் சந்தி சிரிச்சுப் போவோம்."

கிழிக்கத்தான் நினைத்தேன், பொய் சொல்வானேன். தூணுக்குப் பின்னால் போய் அந்தப் பக்கங்களை விரலில் பிடித்தும் விட்டேன். எனக்கும் ஒரு மாடு அதில் உண்டு. ஆனால் ஒன்பதாம் தேதி பொய் என்று சொல்வதற்கு உலகத்திலேயே இருந்த ஒரே அத்தாட்சி அந்தப் பக்கங்கள்தான். உள்ளே கூப்பிட்டார்கள். கிழிக்காத புத்தகத்தோடு போனேன்.

ராஜமுருகன் போனை நீட்டிக் காட்டிவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். "இது உங்க எழுத்துதானாம்மா?" என்றார் அதிகாரி.

"என் எழுத்துதேன் சார். ஆனா அன்னைக்குக் கூட்டமே நடக்கல."

"நடக்காத கூட்டத்துக்கு எப்படிக் கையெழுத்து?"

நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். பதினாறாம் தேதி, ஜோதிமணி ஆஜர். "இந்த நாலு மணிக்கு அந்தக்கா ஆபரேஷன் டேபிள்ல கெடந்துச்சு சார்." இன்னொரு பக்கம், இருபத்துமூன்று. இன்னொன்று, முப்பது. இன்னும் வராத செவ்வாய்க்கிழமையில் பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தோம். ராஜமுருகன் போனை மடியில் கவிழ்த்துக்கொண்டான்.

அதிகாரி புத்தகத்தை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது என்கிட்ட இருக்கட்டும். நீங்க ஒருத்தர் சொன்னா, கூட்டாளிக்காகச் சொல்றீங்கன்னு அவங்க வாதாடுவாங்க. கையெழுத்துப் போட்ட இன்னொருத்தராவது வந்து சொல்லி, வாக்குமூலத்துல கையெழுத்துப் போடணும்."

வெளியே வந்தேன். என் வெறுங்கையைப் பார்த்ததுமே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதிகாரி சொன்னதைச் சொன்னேன். ஒருத்தி சோலி கிடக்கிறது என்று கிளம்பினாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லையென்றால் கடனும் போய், ஜோதிமணி அக்காவுக்கும் ஒன்றும் மிஞ்சாது.

"எம் மாட்டுல மண்ணள்ளிப் போட்டுட்டேல்ல" என்றாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்த வேலுத்தாய் அக்கா. நான் தலையாட்டினேன்.

அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நட. ஆனா என்ன எழுதியிருக்குன்னு அந்த ஆபீசர முதல்ல வாசிச்சுக் காட்டச் சொல்லு. அப்பறந்தேன் கையெழுத்துப் போடுவேன்."