சீமாட்டியின் நெற்றிப் பொட்டு

யோகராஜா அத்தானுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்கு எங்களைக் கூட்டிப்போவார். தான் மட்டும் காரிலேயே இருந்து பேப்பர் வாசிப்பார். பிரசாதத்தை மறக்காமல் கேட்பார்.

எண்பத்தெட்டில், லண்டனின் மிச்சம் பகுதியில் ஒரு சோபாப் பட்டறையில் தற்காலிக வேலை பார்த்தார். யாரோ ஒரு பிரபுவின் கிராமத்து மாளிகைக்கு ஆறு நாற்காலிகள். ஒவ்வொன்றின் சாய்விலும், டேபெஸ்ட்ரி என்ற சித்திர நெசவுத் துணியில், பூந்தோட்டத்தில் நிற்கும் வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி. இது சரியாக வந்தால் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

கடைசி நாற்காலிக்குக் கரை தைக்க நேரம் போதாமல், அதை வீட்டுக்கே கொண்டுவந்தார். தைத்து முடித்து முன்னறையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அன்று விஜயதசமி. தையல் மெஷின், டிவி, என் டிரைவிங் லைசென்ஸ் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்த என் அக்கா சிவமலர், நாற்காலிக்கும் வைத்துவிட்டாள். வைத்த இடம், சீமாட்டியின் நெற்றி.

தலை துவட்டிக்கொண்டு வந்த அத்தான் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடியப்பா செய்து வைச்சிருக்கிறாய்? என்ரை வேலை போச்சு!"

"வேற எங்கை வைக்கிறது? பொம்பிளைப்பிள்ளை வெறும் நெத்தியோட நிக்கிறாள்," என்றாள் அக்கா.

துடைக்கத் துடைக்கக் குங்குமம் துணிக்குள் நன்றாகக் குடியேறியது. அத்தான் சாப்பிடவில்லை. அக்கா சமையலறையில் அழுதாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சீமாட்டிக்குப் பொட்டு எடுப்பாக இருக்கிறதென்று வாயை விட்டு, இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பிரபுவின் மனைவியே பட்டறைக்கு வந்தாளாம். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், ஆறாவதன் முன்னால் நின்று மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினாளாம். அந்த நேரம் பிள்ளையாரைக் கூப்பிட்டீர்களா என்று கேட்டால், அத்தான் இன்றைக்கும் இல்லையென்றுதான் சொல்வார்.

மாலையில் வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"வேலை?" என்றாள் அக்கா, திரும்பாமலே.

"நிரந்தரமாக்கிப் போட்டாங்கள். அந்த மனிசிக்கு ஆறாவதுதான் பிடிச்சிருக்காம். மற்றதெல்லாம் முடிக்காமல் கிடக்காம்."

அக்கா திரும்பினாள். அத்தான் கையை நீட்டினார்.

"அந்தக் குங்குமச் சிமிழைத் தாவன். ஐஞ்சு பொம்பிளைப்பிள்ளையள் வெறும் நெத்தியோட நிக்கினம்."