தள்ளிக் கட்டிய சுவர்

பெஞ்சின் முன்கால் இலுப்பை மரத்தில் இடித்து நின்றது. தூக்கிய நால்வரும் ஒரு எட்டுப் பின்வாங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெஞ்சின்மேல் வெள்ளை வேட்டி போர்த்தி ஆத்மநாதன் படுத்திருந்தார். ஆறடி மனிதர். உயிரோடு இருந்தபோதும் எவருக்காகவும் வளைந்து கொடுத்ததில்லை.

காலையில் அதே பெஞ்சை நட்டுக்குத்தாக நிமிர்த்தி, மரத்தைச் சுற்றி உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். திரும்பிப் போகும்போது அதன்மேல் ஆள் இருப்பார் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அவர் மனைவி பிரகதாம்பாள் கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில், ஆள் நடக்கிற நடையிலேயே, கூரையில் திறப்பு விட்டு, ஒரு மரத்தை விட்டுவைத்து வீடு கட்டுகிற மனுஷன் உலகத்தில் உண்டா?

புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கட்டடங்கள் கட்டிக்கொடுத்தவர் அவர். கொடும்பாளூர்ப் பக்கம் சத்திரம் கட்டச் சொன்னபோது, பாறைக்கு வெடிவைக்க விடாமல் அதையே பின்சுவராக்கிக்கொண்டார். மணமேல்குடியில் கிடங்குக்குப் பிளான் போடும் முன், காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நாளெல்லாம் மணலில் உட்கார்ந்து பார்த்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் காலையிலிருந்து இதைத்தான் பேசினார்கள். அவர் கட்டியதில் அவர்கள் யாரும் குடித்தனம் பண்ணவில்லை, அதனால் தாராளமாகப் பேசினார்கள்.

குடித்தனம் பண்ணியவள் பிரகதாம்பாள். பங்குனி பிறந்தால் நடையெங்கும் பூ கொட்டிக் காலில் பிசுபிசுக்கும், வௌவால் கூட்டம் வரும். கூட்டிக் கூட்டி அவள் இடுப்பு ஒடிந்தது. அது போதாதென்று மரம் பருத்துக்கொண்டே வந்தது. நடைக்கும் அவள் படுக்கிற அறைக்கும் நடுவில் ஒரு செம்புறாங்கல் சுவர். நடை நெருக்கமாகும்போதெல்லாம் அந்தச் சுவரைப் பிரித்து ஒரு சாண் தள்ளிக் கட்டுவார். நடை பழைய அகலத்துக்கு வந்துவிடும், அவள் அறை ஒரு சாண் குறையும்.

"ஊருல எல்லாரும் மரத்த வெட்டி வீட்டப் பெருசு பண்றாங்க. நீங்க வீட்ட வெட்டி மரத்தப் பெருசு பண்றீங்க. கடைசியில எனக்குப் பாய் போட எடம் இருக்காது" என்று போன தடவை கத்தித் தீர்த்தாள்.

"மரத்துக்கு நகரத் தெரியாது, பிரகதா. நமக்குத் தெரியும்ல" என்று சிரித்தார் அவர்.

இப்போது பெஞ்சை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு, நடையில் அவருடைய அண்ணன் சேவுகன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கறம்பக்குடியிலிருந்து கரியில் ஓடுகிற பஸ் பிடித்து வந்தவர். வீடு கட்டும்போதே மரத்தை வெட்டச் சொல்லி, தம்பி கேட்காததால் கோபித்துக்கொண்டு போனவர். அதற்கப்புறம் இன்றைக்குத்தான் இந்த வாசலை மிதித்தார்.

"பின்பக்கமாக் கொண்டுபோயிரலாமே" என்றது ஒரு குரல்.

"திருடன் போற வழியில என் தம்பி போகணுமா? முன்வாசல்தான். கால் முன்னால, படுத்த மேனிக்குத்தான் போகணும். எங்க வம்சத்துல எல்லாரும் அப்படித்தான் போயிருக்காக."

"கொஞ்சமாச் சாச்சுத் தூக்குனா…"

"மூட்டையாடா அவன்?" சேவுகன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொழுது சாயுறதுக்குள்ள எடுக்கணும். கண்ணுசாமி, கோடாலிய எடுத்தா. அன்னைக்கே வெட்டியிருக்கணும்."

முதல் வெட்டு விழுந்தது. பிரகதாம்பாள் அந்தச் சத்தத்தை எத்தனையோ தடவை மனசுக்குள் கேட்டு ஆசைப்பட்டவள்தான். நிஜமாகக் கேட்டதும், அவர் செத்ததே அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

எழுந்தாள். "எந்திரிக்கக் கூடாது ஆத்தா" என்று பெண்கள் புடவையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டு நடைக்கு வந்தாள். கணவரின் அண்ணனிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. அவரைத் தாண்டி, வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற கொத்தனார் சவரியப்பனைப் பார்த்தாள். ஆத்மநாதனோடு ஆரம்பத்திலிருந்து வேலை பார்த்தவர்.

"சவரியண்ணே, என் அறைச் செவத்தப் பிரிங்க."

கோடாலி நின்றது.

"செவத்தப் பிரிச்சாக் கூரை எறங்கிராதா? அந்தப் பொண்ண உள்ள போகச் சொல்லுங்கப்பா" என்றார் சேவுகன்.

"கூரை உத்திரத்துல நிக்குது, செவத்துல இல்லன்னு அவுககிட்டச் சொல்லுங்க அண்ணே." அவள் திரும்பவே இல்லை. "சுண்ணாம்பு கிண்ணாம்பு ஒண்ணும் கெடையாது, வெறும் மண்ண வச்சு அடுக்குன கல்லு. மரம் தள்ளும்னு தெரிஞ்சுதான் இந்தச் செவத்த அவுக கட்டுனாக. மரத்துல இன்னொரு வெட்டு விழுந்தா நான் இங்கயே உக்காந்துக்கிருவேன். அப்பறம் யாரும் எங்கிட்டும் போக முடியாது."

சவரியப்பன் அதற்குள் மேல்வரிசைக் கல்லை உருவியிருந்தார். வெறுங்கையிலேயே வந்தது. கண்ணுசாமி கோடாலியைப் போட்டுவிட்டு அடுத்த கல்லை வாங்கினான். மற்றவர்களும் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் அறை ஊருக்கே திறந்து கிடந்தது. தகரப் பெட்டி, விரித்த பாய், கொடியில் நேற்று மடிக்காமல் விட்ட புடவை. பிரகதாம்பாள் கூச்சப்படவில்லை. தானே போய்ப் பாயைச் சுருட்டி வழிவிட்டாள்.

சேவுகன் முன்பக்கத்தில் தோள் கொடுத்தார். பெஞ்சு அவள் அறைக்குள் நுழைந்து திரும்பி, மரத்தைத் தொடாமல் ஒதுங்கி, கால் முன்னால், படுத்த மேனிக்கு வாசலுக்குப் போயிற்று. தாண்டும்போது சேவுகன் நிதானத்துக்காக ஒரு கையை மரத்தில் ஊன்றிக்கொண்டார்.

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து குளித்துத் திரும்பும்போது விளக்கு வைக்கிற நேரம். சவரியப்பன் ஈரத்துண்டோடு வாசலில் நின்றார்.

"நாளைக்கு வந்து செவத்த அடுக்கிர்றேன் ஆத்தா. பழைய எடத்துலயே வச்சிரவா?"

பிரகதாம்பாள் மரத்தைப் பார்த்தாள். வெட்டுப்பட்ட இடத்தில் பால் கசிந்து உறைந்திருந்தது.

"ரெண்டு சாண் தள்ளிக் கட்டுங்க."

"எப்பவும் ஒரு சாண்தானே ஆத்தா?"

"ரெண்டாவே வைங்க."

சவரியப்பன் உடைந்த கல் ஒன்றை எடுத்து, குனிந்து, அறைத் தரையில் கோடு கிழித்தார். பிரகதாம்பாள் பாயை எடுத்து, கோட்டுக்கு இந்தப் பக்கமாக, எதிர்ச்சுவரோரம் நகர்த்திப் போட்டாள்.