ஊர் பேர் தெரியாத மரத்தில் ஒரு வில்

கதவுக்காரர் தம் ஐம்பத்திரண்டு வயதில் முப்பது வருடங்களைக் கதவு செய்தே கழித்தவர். மேசை கேட்டு யாராவது வந்தால் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிவிடுவார். கட்டில் கேட்டு வந்தால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார். மரம் என்றால் வளையக் கூடாது, வெயிலானாலும் மழையானாலும் நூல் பிடித்தாற்போல் நிற்க வேண்டும், இவ்வளவுதான் அவருடைய வேதாந்தம். அவரும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒடிவாரே தவிர வளைய மாட்டார் என்று அவர் மனைவியே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறாள். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு வில் செய்ய உட்கார்ந்தார் என்றால் யார் நம்புவார்கள்? அந்தத் தெருவில் யாரும் நம்பவில்லை.

காரணம் மனைவியின் வலது தோள். அவள் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவள். ஏணி உச்சியில் நின்றுகொண்டு, கீழே போகிறவர்களிடம் வம்பளந்தபடியே, ஆள் உயர எழுத்தைக் கை நடுங்காமல் இழுப்பாள். நான்கு மாதங்களுக்கு முன்னால் ஏணி சறுக்கி விழுந்தாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் தோள் இறுகிப்போய், கை மார்புக்கு மேலே எழும்ப மறுத்தது. வலித்தாலும் தினமும் தூக்க வேண்டும், இன்னும் இரண்டு மாதத்துக்குள் கை தலைக்கு மேலே போகாவிட்டால் அப்புறம் போகவே போகாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவள் ஒரு வாரம் தூக்கிப் பார்த்தாள். வலி உயிரை எடுத்தது. விட்டுவிட்டாள். கதவுக்காரர் கெஞ்சினார், திட்டினார், ஒரு நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அவள் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். தூரிகைகள் டப்பாவிலேயே காய்ந்தன. வீட்டுக்குள்ளேயே ஒருத்தியைத் தொலைத்துவிட்டோமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

காலையில் அவளுக்குத் தலை வாரிவிடுவது அவர் வேலை. வகிடு அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி இருக்கும், இது தலையா கதவு நிலையா என்று அவள் முணுமுணுப்பாள். அப்படி வாரிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள், பாதித் தூக்கத்தில் பேசுவது போல, கல்லூரியில் மூன்று வருடம் வில் பிடித்ததைப் பற்றிச் சொன்னாள். "கையில ஒரு வில்லு இருந்தா, கை எங்க போகணும்னு அதுக்கே தெரியும்ங்க" என்றாள். அவர் சீப்பை வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு மரக்கடைக்குப் போனார்.

மரக்கடை வாசலில் உட்கார ஒரு கட்டை கிடக்கும். ஏதோ அச்சு இயந்திரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்துக் கப்பலில் வந்தது. ஆள் உயரம், நல்ல கறுப்பு, ஆணி இறங்காது, தண்ணீரில் போட்டால் கல்லாட்டம் அமிழும். மூன்று வருடமாக ஒருவருக்கும் அதன் பெயர் தெரியவில்லை. வந்தவர்களெல்லாம் நகத்தால் கீறி, மோந்து, ஆளுக்கொரு பெயர் சொல்லிவிட்டுப் போனார்கள். வில்லுக்கு என்றதும் கடைக்காரர் சிரித்தார். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமாம்பாங்க. அதுக்கு என்ன வயசோ, யாருக்குத் தெரியும். எடுத்துட்டுப் போங்க" என்றார்.

நெடுக அறுத்ததில் வில்லுக்கு ஆகிற மாதிரி இரண்டு துண்டுகள் கிடைத்தன. அதற்கு மேல் ஒரு குச்சிகூடத் தேறாது. ரம்பம் பட்ட இடம் முதலில் சிவப்பாக இருந்தது, காற்றுப் பட்டதும் மெல்ல ஊதாவாக மாறியது. தூள் பறந்து பட்டறை முழுக்க ஒரு வாசனை நின்றது. மழையில் நனைந்த சிலேட்டு வாசனை என்றாள் மனைவி. அவருக்கோ அம்மாவின் துணி அலமாரி நினைவுக்கு வந்தது. அந்த வாசனைக்கு ஒரு மயக்கம் இருந்தது. அரம் கடன் கேட்க வந்த பூட்டுக்காரர், பக்கத்துக் கடைதான், சற்று உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் கழித்து எழுந்து, எதற்கு வந்தோம் என்பதையே மறந்து போய்விட்டார். கதவுக்காரருக்குக் கை பாட்டுக்கு வேலை செய்ய, கண் திறந்தபடியே கனவு வந்தது. சுவரே இல்லாத ஒரு வெளியில் அவர் செய்த கதவுகளெல்லாம் வரிசையாக நின்றன, காற்றடித்ததும் நாணல் மாதிரி ஒன்று சேரச் சாய்ந்து ஒன்று சேர நிமிர்ந்தன. அவருக்கு அது பிடித்திருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மனைவி பட்டறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். எய்கிறவரைப் பார்த்திருக்கிற பக்கம் வில்லின் வயிறு, மறுபக்கம் முதுகு. முதுகில் மரத்தின் ஒரே ஆண்டு வளையம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அறுபடாமல் ஓட வேண்டும். அது மேடேறினால் நீங்களும் ஏறுங்க, பள்ளத்தில் இறங்கினால் கூடவே இறங்குங்க என்றாள். அவர் இரண்டு நாள் அப்படியே அதன் பின்னால் போனார். மூன்றாம் நாள் மதியம், கணு இருந்த இடத்தில் கட்டைவிரல் அளவு ஒரு மேடு நின்றது. பழக்கம் யாரை விட்டது? அவர் வாசனையில் சொக்கிப்போயிருந்த நேரத்தில் கை இழைப்புளியை எடுத்தது, மேட்டின் மேல் இரண்டு ஓட்டு ஓட்டியது. நினைவு வந்து பார்த்தபோது முதுகு சமமாக, கண்ணாடி மாதிரி இருந்தது. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ஒரு கணம் அவருக்குப் பெருமையாக இருந்ததுதான். அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

முதல் தடவை வளைத்தபோதே அந்த இடத்தில் ஒரு சிம்பு எழும்பி, வில் வாய் பிளந்தது. அவள் எழுந்து வந்து அந்த இடத்தை இடது கைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"இங்க ஒரு மேடு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"கதவுன்னு நினைச்சிட்டீங்க" என்றாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக இழைப்புளியைக் கொண்டுபோய்ப் பூட்டுக்காரரிடம் கொடுத்து, நான் காலில் விழுந்து கேட்டாலும் தராதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டாவது துண்டில் மூன்று மேடுகள் இருந்தன. மூன்றையும் அப்படியே விட்டார். உளியும் அரமும் மட்டும் வைத்து வேலை செய்து, கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினார். வில்லுக்கு வடிவம் வந்தது. இனிமேல்தான் அதற்கு வளையக் கற்றுக்கொடுக்க வேண்டும். அது ஒருவரால் ஆகிற காரியமில்லை. வில்லைச் சுவரில் உயரத்தில் பொருத்தி, நாணில் கயிறு கட்டி ஒருவர் இழுக்க, இன்னொருவர் தள்ளி நின்று எங்கே வளையவில்லை என்று பார்க்க வேண்டும். வளையாத இடத்தின் வயிற்றில் நாலு சுரண்டு, மறுபடி இழு, மறுபடி பார். திரும்பத் திரும்ப இதுதான் வேலை.

சுரண்டப் போவது அவர் கை, ஆகவே பார்க்க வேண்டியது அவர் கண் என்றாகிவிட்டது. இடது கை நன்றாகத்தானே இருக்கிறது, நான் இழுக்கிறேன் என்றாள். முறிந்தால் சிம்பு தெறித்து அவள் மேல் பட்டுவிடக் கூடாதே என்று அவர் தரையில் இரண்டு கப்பி அடித்தார், ஒன்று வில்லுக்கு நேர் கீழே, இன்னொன்று தமக்குப் பின்னால் வாசலோரம். கயிறு நாணிலிருந்து இறங்கி, தரையோடு ஓடி, வாசலோரக் கப்பியில் திரும்பி மேலே வரும். அவள் அதை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு மேல்நோக்கி இழுப்பாள். நாண் ஒரு சாண் இறங்கினால் அவள் கை ஒரு சாண் ஏறும். சுவரில் அவளே இடது கையால் கோணலாக ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டாள். "முன்பின் தெரியாத மரம். நாண் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. நீங்கதான் போதும்னு சொல்லணும்" என்றாள்.

பதினோரு நாள் மதியங்கள் அப்படிப் போயின. அவர் வில்லைப் பார்த்தபடி நிற்பார். முதுகுக்குப் பின்னால் கப்பி கிரீச்சிடும். இன்னும் கொஞ்சம் என்பார் அவர், ம் என்பாள் அவள். கண்ணாடித் துண்டின் கீழிருந்து ஊதாத் தூள் உதிர்ந்து ஜன்னல் வெயிலில் நின்றது. சில நாள் இரண்டு பேரும் தூங்கிக்கொண்டே வேலை செய்தார்களோ என்றுகூடத் தோன்றும். முதல் நாள் விரல் அகலம்தான் வளைந்தது. பிறகு ஒரு சாண், ஒன்றரைச் சாண். அவள் சமீபத்தில் இவ்வளவு நேரம் அவரோடு ஒரே அறையில் இருந்ததில்லை. வில் எப்போதும் முடியாமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவர் நினைத்தார். டாக்டர் சொன்ன கெடுவில் பதினெட்டு நாள்தான் மீதி என்பதும் நினைவில் உறுத்தியது.

பன்னிரண்டாம் நாள் கீழ்ப் பக்கத்தில் கடைசியாக நாலு சுரண்டு சுரண்டிவிட்டு வந்து நின்றார். இழு என்றார். வில்லின் இரண்டு கைகளும் ஒன்றுபோல இறங்கின. எங்கும் விறைப்பில்லை, எங்கும் தளர்ச்சியில்லை, மூன்று மேடுகளும் அந்த வளைவோடு சேர்ந்து மூச்சு விட்டன. இன்னும் என்றார். முப்பது வருடம் மரத்தை வளையவிடாமல் பிடித்து வைத்திருந்த மனிதர் அது வளைகிற அழகை முதல் தடவையாகப் பார்த்தார். நாண் கோட்டைத் தொட்டது. போதும் என்று சொல்ல வேண்டியவர் அவர். இன்னும் என்றார். இன்னும்.

மரம் நடுவில் முறிந்தது. ஒரு பாதி ஜன்னலில் மோதி விழுந்தது, மற்றது நாணோடு தொங்கி ஆடியது. பூட்டுக்காரர் பக்கத்துக் கடையிலிருந்து என்ன சத்தம் என்று குரல் கொடுத்தார். தப்பு என்னுதுதான் என்று சொல்லத் திரும்பிய கதவுக்காரர் வாய் திறந்தபடி நின்றுவிட்டார்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். "வில்லு போச்சேங்க. இருந்ததே அது ஒண்ணுதான்."

அவர் ஓரடி முன்னால் வந்தார். "நீ எந்தக் கையால இழுத்தே?"

அவள் இடது கையைப் பார்த்தாள். அது பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். வலது கை அவள் காதைத் தாண்டி, தலைக்கு மேலே, தொய்ந்த கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தது. வாசலில் வந்து நின்ற விருந்தாளியைப் பார்ப்பது போல இருவரும் அதைப் பார்த்தார்கள். முதல் இரண்டு மூன்று நாள் இடது கைதான், அது அலுத்துப்போனதால் வலது கையையும் சும்மா துணைக்குப் பிடிக்கவிட்டேன், அப்புறம் எப்போது எது இழுத்தது என்று தெரியவில்லை, நானும் வில்லைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று குற்றம் செய்தவள் போலச் சொன்னாள். கதவுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு அழுகை வந்தது.

கையை இறக்கப் போனாள்.

"இறக்காதே. கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிரு, நான் பார்க்கணும்."

"வலிக்குதுங்க" என்றாள். ஆனால் இறக்கவில்லை.