கத்தத் தெரியாதவள்

என் அக்காவுக்குக் கத்தத் தெரியாது. பஸ்ஸில் காலை மிதித்தவனிடமே, "தம்பி, கீழ என் கால் இருக்குப்பா" என்பாள். "உன்னை மாதிரி ஆளுங்களாலதான் மிதிக்கிறவனுக்குக் குளிர் விட்டுப்போச்சு" என்று நான் திட்டினால், அதற்கும் சிரிப்பாள்.

என் வேலை கேட்பது. ஆம்புலன்ஸ் கேட்டு வரும் போன்களை இப்போது மனிதர்கள் எடுப்பதில்லை. ஓர் இயந்திரம் எடுக்கிறது. அவசரமா இல்லையா என்று அதுவே முடிவு செய்கிறது. அதற்குப் பாடம் நடத்தியது எங்கள் அறை. ஒவ்வொரு போன் பதிவையும் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டு 'அவசரம்', 'அவசரமில்லை' என்று குறிப்போம். இரண்டு பேர் சொன்னது செல்லும். ஒரு நாளைக்கு எண்ணூறு பதிவு முடிக்க வேண்டும். ஒழுங்காகக் கேட்டால் முந்நூறு தாண்டாது.

குறுக்குவழி கண்டுபிடித்த மகராசி நான்தான். திரையில் குரல் ஒரு கோடாக ஓடும். கத்தினால் கோடு எகிறும், மெல்லப் பேசினால் படுத்துக் கிடக்கும். எகிறினால் அவசரம், படுத்தால் இல்லை. கேட்கவே வேண்டாம். வேகத்தால் ராக்கெட் என்று பேர் வாங்கிய பக்கத்து சீட்டுப் பையனுக்கும், பள்ளிக்கூட வேலை போய் இங்கே வந்த டீச்சருக்கும் சொல்லிக் கொடுத்தேன். எல்லோருடைய ஹெட்போனும் கழுத்துக்கு இறங்கியது. பொறுப்பான செயற்கை நுண்ணறிவுக்கு என்று ஒரு விருதைக்கூட வாசலில் மாட்டினார்கள். அன்று வெட்டிய கேக்கில் பெரிய துண்டு எனக்குத்தான்.

போன மாதம் ஒரு மத்தியானம் அக்காவுக்கு நெஞ்சுவலி. அவளே போன் செய்திருக்கிறாள். வண்டி ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து வந்தது. கதவைத் திறந்து வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கையில் பூட்டு சாவியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளாம். வருகிறவர்களைக் காக்க வைக்கக் கூடாதே. உயிர் இல்லை.

சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தப்பு என்னுடையது, இயந்திரத்தை நிறுத்துங்கள் என்றேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"நிறுத்தினா போன் எடுக்க ஆள் ஏதும்மா? எல்லாரையும்தான் வீட்டுக்கு அனுப்பியாச்சே."

"இது தெரிஞ்சும் சும்மா இருக்கறதா சார்?"

"தப்பா முடிஞ்ச போனெல்லாம் மறுபடி உங்க மூணு பேருக்கே வரும். நீங்க திருத்துங்க, அது கத்துக்கும்."

ராக்கெட்டிடமும் டீச்சரிடமும் கெஞ்சினேன். இனிமேல் காதால் கேளுங்கள் என்றேன். யாருக்காக என்று சொல்ல வாய் வரவில்லை. "சரிக்கா" என்றார்கள். எண்ணூறு மட்டும் எண்ணூறாகவே இருந்தது.

இன்று காலை அந்தப் பதிவு வந்தது. கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. ஹெட்போனை மாட்டினேன்.

"வணக்கங்க. நெஞ்சு கொஞ்சம் அடைக்குது. வேற யாருக்கும் அவசரம் இல்லைன்னா, ஒரு வண்டி அனுப்ப முடியுங்களா?"

கடைசி மூச்சு வரை இவளுக்கு அடுத்தவன் அவசரம்தான். 'அவசரம்' என்பதை அழுத்தினேன். பதில் உடனே வந்தது.

'மூவரில் இருவர்: அவசரமில்லை. இயந்திரத்தின் முடிவு சரி. பதிவு மூடப்பட்டது.'

திரும்பினேன். இரண்டு பேர் ஹெட்போனும் கழுத்தில்தான் இருந்தது.

"ராக்கெட்டு, அது எங்க அக்கா குரல்டா."

அவன் முகம் வெளுத்துவிட்டது. மூடிய பதிவைத் திறக்க எதையெதையோ தட்டிப் பார்த்தான். திறக்காது என்று அவனுக்கும் தெரியும்.

"கோடு படுத்திருந்துச்சுக்கா," என்றான்.