சிவப்புக் கட்டைகள் நடப்பட்ட வீடு

வீக்ஹாஃபனில் சதீசன் ஓர் ஏப்ரல் காலையில் ஓடப் புறப்பட்டான். அன்றிலிருந்து அவன் நிற்கவில்லை. வீக்ஹாஃபன் ஜெர்மனியின் வடக்கே பால்டிக் கடலோரத்தில் இருக்கும் சின்ன நகரம். கப்பல் பொறியியல் படிப்பிக்கும் ஒரு கல்லூரி, ஒரு துறைமுகம், மீனுக்குப் புகை போடும் கொட்டில்கள், மாணவர்கள் விடுமுறைக்குப் போனால் பாதியாகிவிடும் சனத்தொகை, இவ்வளவுதான் அங்கே. கல்லூரியின் விளையாட்டுப் பிரிவு நகரைச் சுற்றி நான்கு ஓட்டப்பாதைகளை ஒழுங்குசெய்து, வழி தெரிவதற்காக நிறம் பூசிய மரக்கட்டைகளை நட்டிருந்தது. துறைமுகத்தைச் சுற்றி நீலம், கடலை மறிக்கும் மண் அணையின் மேலே மஞ்சள், பீச் மரக் காட்டினூடே பச்சை, காடு முடிந்து கடல் தொடங்கும் உயர்ந்த மண்மேட்டின் விளிம்பில் சிவப்பு. ஒன்று முடியுமிடத்தில் மற்றது தொடங்கும். அழகென்றால் சிவப்புத்தான். மர நிழலில் ஓடிக்கொண்டிருப்பவனுக்குத் திடீரென்று காலடியில் முழுக்கடலும் விரியும். வேரோடு சரிந்த மரங்கள் கீழே கரையில் கிடக்கும். அவை ஏன் அங்கே கிடக்கின்றன என்பதைக் கல்லூரி அச்சிட்ட விளம்பரத் தாள் சொல்வதில்லை.

சதீசன் கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் சமையற்காரன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். அவன் மனைவி கம்சனா ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்தவள், பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்பவள். யாழ்ப்பாணத்து வீடுகளில் வெளியே புறப்படும் ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள்; கேட்டால் போகிற காரியம் கெடும். மறந்துபோய் யாராவது கேட்டுவிட்டால் பரிகாரமும் இருக்கிறது. புறப்பட்டவர் திரும்பி வீட்டுக்குள் வந்து, சற்று உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகப் புறப்பட வேண்டும். அன்று காலை வயிற்றில் பிள்ளையோடு சமையலறையில் நின்ற கம்சனா, "எங்கை போறீங்கள்? எந்தப் பாதை?" என்று குரல் கொடுத்தாள். ஓடப் போகிறவர் வழியைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்றுதான் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சதீசனின் ஒரு கால் வாசலுக்கு வெளியே இருந்தது. கைக்கடிகாரத்தில் ஓட்ட நேரத்தை அப்போதுதான் அமுக்கியிருந்தான். உள்ளே வந்து உட்கார ஒரு நிமிடம் போதும், ஆனால் அந்த ஒரு நிமிடத்தை விட அவனுக்கு மனம் வரவில்லை. "எல்லாப் பாதையும்!" என்று சிரித்துக்கொண்டு ஓடினான். நான்கு பாதைகளையும் முடித்துக்கொண்டு தன் வீட்டுக்கு முன்னால் வந்தபோது கால்கள் வாசல் படலைப் பக்கம் திரும்பவில்லை. நீலக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போய்விட்டன.

முதலில் அவன் பகிடி விடுகிறான் என்றுதான் கம்சனா நினைத்தாள். பொழுதுபடும் நேரம் அவன் முகத்தைப் பார்த்த பிறகு அந்த எண்ணத்தை விட்டாள். ஊர் ஒரு மாதத்துக்குள் பழகிக்கொண்டது. பேக்கரிக்காரி வாசலில் நின்று பாணை நீட்டுவாள். கம்சனா சைக்கிளில் பக்கத்தில் போய்ச் சோற்றைக் குழைத்து உருண்டை உருண்டையாகக் கொடுப்பாள். மஞ்சள் பாதை அணையின் மேலே நேராகப் போவதால் அவன் அங்கே கண்ணை மூடிக்கொண்டு தூங்கியபடி ஓடினான். மேய்கிற செம்மறிகள் விலகி வழிவிட்டன. மற்றக் கருமங்கள் எல்லாம் எப்படி என்று கேட்டவர்களுக்கு அவன் அக்கா கலாதேவி கொடுத்த பதில் அச்சில் ஏறாது. கல்லூரி அவனை வேலையை விட்டு நீக்கவில்லை, கட்டடத்துக்குக் கட்டடம் தபால் கொண்டுபோகும் ஆளாக மாற்றிக்கொண்டது. காப்புறுதிக்காரர்கள் பரிசோதனைக்கு நாளும் நேரமும் குறித்து டெர்மின் கொடுத்தார்கள். காத்திருப்பறையில் உட்கார முடியாதவனுக்கு டெர்மின் எதற்கு? கடைசியில் வைத்தியரே சப்பாத்தைக் கட்டிக்கொண்டு கூட ஓடினார். பச்சைப் பாதை வரைக்கும் தாக்குப்பிடித்து, நாடித்துடிப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

கலாதேவி செய்தி கேட்டு ஹம்பேர்க்கிலிருந்து வந்து இறங்கிய அன்றே விசயத்தைப் பிடித்துவிட்டாள். "ஒரு நிமிசம் வந்து இருந்திட்டுப் போயிருந்தா இந்தக் கூத்து வந்திராது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவனை உட்காரவைக்க அணையின் மேலே கதிரை போட்டுப் பார்த்தார்கள்; அதைப் பாய்ந்து கடந்தான். கல்லூரியின் படகு வலிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து அவனைப் பிடித்தார்கள். அவர்களும் இழுபட்டு ஓடியதுதான் மிச்சம். தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோகப் பார்த்தபோது கால்கள் வாசற்படியை உதைத்து உடைத்தன. செப்டெம்பரில் மகன் பிறந்தான். தாரகன் என்று பெயர் வைத்தார்கள். கம்சனா வாசலில் நின்று பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். திரும்பிப் பார்த்தபடி ஓடிய தகப்பன் விளக்குக் கம்பத்தில் மோதிக்கொள்ளப் பார்த்தான். ஒருமுறை தூக்கித் தரும்படி ஒவ்வொரு சுற்றிலும் கேட்டான். அவள் கொடுக்கவில்லை. நீலப் பாதையில் கொடுத்தால் அடுத்த முறை அவள் பிள்ளையை வாங்குவதற்குள் சிவப்புப் பாதை வந்துவிடும்.

சிவப்புப் பாதைதான் அவள் நித்திரையைக் கெடுத்தது. கடல் ஆண்டுதோறும் மேட்டைத் தின்றுகொண்டிருந்தது. பிள்ளைக்கு ஒரு வயது முடிந்த அடுத்த ஒக்டோபரில், விளிம்புக்கு உள்ளே, பாதைக்கும் காட்டுக்கும் நடுவில், மண்ணில் வெடிப்பு ஒன்று தெரிந்தது. அதே கிழமை வானொலி கிழக்கிலிருந்து பெருங்காற்று வருவதாகச் சொல்லத் தொடங்கியது. கிழக்குக் காற்று என்றால் அந்தக் கரையில் கடல் ஆள் உயரத்துக்கு எழும்பும். விளையாட்டுப் பிரிவின் பொறுப்பாளர் டீடெமன் நல்ல மனிதர், ஆனால் எதையும் ஒழுங்குப்படி செய்பவர். அவர் வந்து வெடிப்பைப் பார்த்து, பாதையின் குறுக்கே தடை நாடா கட்டிவிட்டுப் போனார். சதீசன் அடுத்த சுற்றில் அதை நெஞ்சில் மாலையாகப் போட்டுக்கொண்டு கடந்தான். கம்சனா பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்து அவனோடு போனாள்.

"அந்தப் பக்கம் போகாதேங்கோ" என்றாள்.

"நானே போறன்? கால் போகுது."

"வெடிப்புத் தெரியுதோ?"

"தெரியுது. நான் மிதிக்க மிதிக்கப் பெரிசாகுது."

"பயமாயிருக்கே?"

அவன் மூச்சுவிட்டுக்கொண்டு கொஞ்சத் தூரம் ஓடினான். "ஓம். நல்லாப் பயமாயிருக்கு" என்றான். பிறகு, "பிள்ளையை ஒருக்காத் தாரும். தூக்கிப் பாத்திட்டு உடனை தாறன்" என்றான்.

"ஏலாது. இந்தப் பாதையிலை தரமாட்டன்" என்று சொல்லிவிட்டுக் கம்சனா சைக்கிளைத் திருப்பினாள். வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தாள். அவன் செத்துப்போய்விடுவான் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. என்றைக்கு என்பதும் ஏறக்குறையத் தெரிந்தது.

யோசனை அவளுக்கு வந்தது பாத்திரம் கழுவும்போது. போன மாரியில் வீதி திருத்துகிறவர்கள் ஒரு நீலக் கட்டையைப் பிடுங்கி எதிர்ப்பக்கம் நட்டிருந்தார்கள். அன்று சதீசனும் வீதியைக் கடந்து எதிர்ப்பக்கத்தால் ஓடினான். கால்களுக்குக் கடலும் தெரியாது, மேடும் தெரியாது, கட்டைகளை மட்டுமே தெரியும். அவள் உடனே டீடெமனுக்குத் தொலைபேசி எடுத்து, சிவப்புக் கட்டைகளை இடம் மாற்ற வேண்டும் என்றாள். அதற்கு முறைப்படி ஓர் அன்ராக், அதாவது விண்ணப்பம், எழுதித் தரவேண்டும், நவம்பர் முதற்கிழமையில் குழு கூடும்போது எடுத்துப் பார்ப்பார்கள் என்றார். காற்று வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. கம்சனா வாழ்க்கையில் ஒரு தடவைகூடச் சிவப்பு விளக்கில் வீதியைக் கடந்தவள் அல்ல. அப்படிப்பட்டவள் வெள்ளிக்கிழமை மதியம் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு புறப்பட்டாள். பின்னால், ஹம்பேர்க்கிலிருந்து மறுபடி வந்திருந்த கலாதேவி குளிர்ச்சட்டையை இழுத்துப் பூட்டிக்கொண்டு, கட்டைகளைக் கிண்டி எடுக்க அலவாங்கோடு போனாள்.

சதீசன் ஒரு சுற்றை முடித்து வர இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும். அவன் மேட்டைக் கடந்து போனதும் பெண்கள் இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். காற்று ஏற்கெனவே மரங்களை வளைத்துக்கொண்டிருந்தது. பிடுங்கிய கட்டைகளைக் கைவண்டியில் அடுக்கி, காட்டு விளிம்பிலிருந்து வயல் ஒழுங்கை வழியாக, வீடுகளின் பின்புறமாக, தங்கள் வீட்டு முன்வாசல் வரைக்கும் ஒவ்வொன்றாக நட்டார்கள். நிலம் ஈரமாக இருந்தது உதவியாகப் போயிற்று. அப்படியும் கலாதேவியின் உள்ளங்கைகள் கொப்புளித்து உடைந்தன. வீட்டுக்குள்ளே மண் இல்லாததால் கட்டைகளைப் பூச்சாடிகளில் குத்தி வைத்தார்கள். ஒன்று நடையில், ஒன்று இருக்கையறையில், ஒன்று அடுப்புக்குப் பக்கத்தில். சமையலறைப் பின்கதவால் வெளியே வந்து, தோட்டத்தைத் தாண்டி, நீலப் பாதையில் போய்ச் சேர்த்தார்கள். நடுவறையில் கலாதேவி ஒரு கதிரையைப் போட்டு, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்தாள். வீட்டுக்குள் வந்து உட்கார வேண்டும் என்பதுதானே கணக்கு, இதோ வீடே வழியாகிவிட்டது என்று அவள் நம்பினாள்.

ஒரு கட்டை மட்டும் மிஞ்சியது. காடு முடிந்து மேடு தொடங்கும் சந்தியில் நின்ற முதல் சிவப்புக் கட்டை. அதற்குக் கொங்கிறீற் போட்டிருந்தார்கள். கம்சனா அலவாங்கால் குத்தக் குத்தப் பொறி பறந்ததே தவிர, கட்டை அசையவில்லை. அதில் இருந்த அம்புக்குறி மேட்டைத்தான் காட்டியது. கீழே அலை மோதும் ஒவ்வொரு தடவையும் காலடி அதிர்ந்தது. காட்டுக்குள்ளே, பச்சைப் பாதையில், அவளுக்கு நன்றாகப் பழகிய காலடி ஓசை கேட்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து டீடெமனின் கார் வந்து நின்றது. அவர் இறங்கி, பிடுங்கிய குழிகளைப் பார்த்தார், மண் அப்பிய இரண்டு பெண்களைப் பார்த்தார், கம்சனாவின் முதுகில் வீரிட்டு அழும் பிள்ளையைப் பார்த்தார். தலையைத் திருப்பிக் கடலையும் பார்த்தார். காரின் பின்பக்கத்திலிருந்து விறகு அறுக்கும் மின்வாளை எடுத்து, அரசாங்கச் சொத்தான அந்தக் கட்டையை அடியோடு அறுத்தார். கலாதேவி அதைத் தூக்கி, அம்பு ஒழுங்கைப் பக்கம் காட்டும்படி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நட நேரம் இருக்கவில்லை.

சதீசன் மரங்களுக்குள்ளிருந்து வந்தான். சந்தியில் அவன் வலது கால் மேட்டுப் பக்கம் ஓரடி வைத்தது. பிறகு அந்தக் கால் அக்கா பிடித்திருந்த சிவப்பைக் கண்டு, தயங்கி, ஒழுங்கைப் பக்கம் திரும்பியது. அவன் "அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவளைக் கடந்து ஓடினான். கம்சனா குறுக்கு வழியால் சைக்கிளில் பறந்து அவனுக்கு முன்னே வீட்டை அடைந்தாள். முன்வாசலால் உள்ளே வந்தவன் ஒன்றரை ஆண்டுகளாகக் காணாத தன் வீட்டைக் கண்டான். அவன் முகம் கோணியது. கதிரையை நோக்கி வந்தான், முழங்கால்கள் கொஞ்சம் மடிந்தன, கை கதிரையின் முதுகைத் தொட்டது. கதிரை சரிந்து விழுந்தது. செம்பும் உருண்டது. அவன் அடுப்பைத் தாண்டிப் பின்கதவால் வெளியே போய்விட்டான். அவன் தோட்டத்தைக் கடக்கும்போது மேட்டுப் பக்கமிருந்து நீண்ட ஒரு முழக்கம் கேட்டது. சிவப்புப் பாதை முழுவதும், வெடிப்பு வரைக்கும், ஒரே தடவையில் கடலுக்குள் இறங்கியிருந்தது.

கலாதேவி நனைந்து வந்து சேர்ந்தபோது கம்சனா ஈரத்தரையில் கிடந்த கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இருக்கேல்லை, மச்சாள்" என்றாள். கலாதேவி கதிரையை நிமிர்த்தி, தானே அதில் தொப்பென்று உட்கார்ந்தாள். "இருக்காட்டிப் போகட்டும். உசிரோடை வீட்டுக்குள்ளை வந்திட்டுப் போறானெல்லோ" என்றாள். இருவரும் அழுதார்கள். அது துக்கம் என்று யாரும் சொல்லமுடியாது. அடுத்த சுற்றில் அவன் வந்தபோது கம்சனா நடையில் நின்று, கேட்காமலே, பிள்ளையை நீட்டினாள். சதீசன் முதல் தடவையாக மகனை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஓடினான். அவள் அவன் திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றாள். வந்தபோது பிள்ளை நல்ல நித்திரை.

நவம்பரில் குழு கூடி, நடந்துமுடிந்ததற்கு அனுமதி கொடுத்தது. கல்லூரியின் புதிய விளம்பரத் தாளில் சிவப்புப் பாதை கம்சனாவின் வீட்டுக்குள்ளால் போகிறது. சப்பாத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வரவும் என்று ஒரு குறிப்பும் உண்டு. மாணவர்கள் காலையில் கூட்டமாக வந்து, வணக்கம் சொல்லி, சமையலறையால் போகிறார்கள். சிலர் அடுப்பில் தோசை இருந்தால் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று கம்சனா குறைப்படுவாள், ஆனாலும் மாவைக் கூடுதலாகத்தான் கரைக்கிறாள். கடல் காட்சி போய்விட்டதே என்று யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

டிசம்பரில் தாரகன் நடக்கத் தொடங்கினான். நடந்தான் என்று சொல்வது சரியில்லை. சதீசன் வீட்டுக்குள்ளால் போய்க்கொண்டிருந்தபோது, தரையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை எழும்பி, ஒரு தப்படிகூட நடக்காமல், நேரே தகப்பனுக்குப் பின்னால் ஓடினான். கம்சனாவின் கையிலிருந்த அகப்பை விழுந்தது. பிள்ளை பின்கதவைத் தாண்டிப் புல்லில் இறங்கி, தோட்டத்திலிருந்த முதல் சிவப்புக் கட்டை வரைக்கும் ஓடினான். அங்கே போனதும் களைத்துப்போய், ஈரப் புல்லில் குண்டி பட உட்கார்ந்தான். கம்சனா ஓடிப்போய் அவனுக்குப் பக்கத்தில் அதே ஈரத்தில் விழுந்து, விம்மி விம்மிச் சிரித்தாள். அடுத்த சுற்றில் வந்த சதீசனிடம், "உங்கடை மகன் இருந்திட்டான்!" என்று கத்தினாள். அவன் "நல்லது, நல்லது" என்றான், மகனின் தலையைத் தடவினான், துறைமுகப் பக்கமாக ஓடினான்.